புதியவரே விருந்தினர்



சில திங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இரண்டாம் திருப்பலி முடிந்து மக்கள் கலைந்துகொண்டிருந்த வேளையில், வண்ணார்பேட்டையைச் சேர்ந்த தாய் ஒருவர் நம்மிடம் வந்து நின்றார். முகத்தில் கலக்கம் தெரிந்தது. "சாமி, உங்களிடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். என் மகன் எங்களை ஓர் இக்கட்டில் மாட்டிவிட்டான்" என்றார்.

மகனைப் பற்றி இப்படித் தொடங்கும் தாய்மாரை நாம் பலமுறை கண்டதுண்டு. கடனோ, காதலோ என்று எண்ணியவாறு அமரச் சொன்னோம். இரண்டும் இல்லை. மகன் பெங்களூரில் பணியாற்றுகிறான். அலுவல் நிமித்தம் ஜெர்மனி நாட்டில் சில திங்கள் தங்கியிருந்தபோது, விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று, முன்பின் அறியாதவர் வீடுகளில் ஓரிரு இரவுகள் தங்கியிருக்கிறான். எவரும் அவனிடம் காசு வாங்கவில்லை. பயணம் செய்வோர் ஒருவரையொருவர் தத்தம் இல்லங்களில் தங்கவைத்துக்கொள்ளும் அமைப்பொன்றில் அவன் உறுப்பினனாம். உண்ட வீட்டுக்குக் கைம்மாறாக, தன் பெற்றோரின் வண்ணார்பேட்டை முகவரியையும் அதில் பதிந்துவிட்டான். இப்போது ஓய்வுபெற்ற ஆசிரியத் தம்பதியர் இருவர் மிதிவண்டியில் கன்னியாகுமரி நோக்கி வருகிறார்கள். இரண்டு இரவுகள் தங்க இடம் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மகன் விடுப்பில் வந்து உடனிருப்பதாகச் சொல்கிறான். தந்தையோ, "பைபாஸ் சாலையில் வரிசையாக லாட்ஜுகள் இருக்கும்போது நம் வீடு எதற்கு?" என்று கேட்கிறார்.

"என்ன செய்யட்டும், சாமி?" என்றார் அந்தத் தாய்.

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை. இரண்டு நாள் தவணை கேட்டோம். விசாரித்தும் படித்தும் அறிந்தவற்றை அவருக்குச் சொன்னோம். அவற்றையே இங்கு வாசகர்களோடும் பகிர்ந்துகொள்கிறோம். அதன்பின் அவ்வீட்டில் நிகழ்ந்ததையும், அது நம் உள்ளத்தில் எழுப்பிய கேள்வியையும் மறைக்காமல் எழுத விழைகிறோம்.

போரின் சாம்பலில் முளைத்த வித்து

இத்தகைய அமைப்புகளுள் மூத்தது 'செர்வாஸ்' என்பதாகும். இரண்டாம் உலகப் போரின் காயங்கள் ஆறாதிருந்த 1949ஆம் ஆண்டில், பாப் லூயிட்வைலர் என்ற அமெரிக்கர் டென்மார்க் நாட்டில் நண்பர்களோடு இதனைத் தொடங்கினார். மனச்சான்றின் பொருட்டுப் போர்ப் பணியை மறுத்தவர் அவர். எதிரி என்று கற்பிக்கப்பட்ட நாட்டானின் வீட்டில் ஒருமுறை உண்டு உறங்கியவன் அவன்மீது குண்டு வீச எளிதில் இசையமாட்டான் என்பதே அவர்களுடைய நம்பிக்கை. 'செர்வாஸ்' என்பது எஸ்பெராந்தோ மொழியில் தொண்டு புரிதலைக் குறிக்கும் சொல். இதில் பயணம் செய்ய விரும்புவோரை முதலில் அமைப்பினர் நேரில் கண்டு உரையாடுவர்; தகுதியுடையவரெனக் கண்டால் அறிமுகக் கடிதம் அளிப்பர். அக்கடிதத்தோடு வருவோரை உறுப்பினர்கள் வழக்கமாக இரண்டு இரவுகள் தங்கவைப்பர். தங்குவதற்குக் கட்டணம் இல்லை. நம் நாட்டிலும் இதற்கு உறுப்பினர்கள் உண்டு.

1974ஆம் ஆண்டில் எஸ்பெராந்தோ மொழியினர் தங்களுக்கென இத்தகைய முகவரிக் கையேடு ஒன்றை வெளியிடத் தொடங்கினர். 1993ஆம் ஆண்டில் மிதிவண்டிப் பயணிகளுக்கென்றே ஓர் அமைப்பு எழுந்தது. களைத்து வருபவனுக்கு வேண்டுவது வெந்நீர்க் குளியல் என்பதையே அது தன் பெயராகக் கொண்டது. 2004ஆம் ஆண்டில் இணையத்தின் வழியே 'கௌச்சர்ஃபிங்' தோன்றி உலகெங்கும் இலட்சக்கணக்கான இளைஞரை ஈர்த்தது. ஆனால் 2011ஆம் ஆண்டில் அது இலாப நோக்குடைய நிறுவனமாக மாறியது. 2020ஆம் ஆண்டில் உறுப்பினரிடம் கட்டணமும் கேட்கத் தொடங்கியது. அம்மாற்றம் பிடிக்காதவர்கள் பலர், தொண்டர்களே நடத்தும் வேறு அமைப்புகளை நாடிச் சென்றனர். கொடையாகத் தொடங்கியது வாணிபமாக முடியும் ஆபத்து எங்கும் உண்டு என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

வேறோர் ஆபத்தையும் மறைத்தலாகாது. 2009ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், இவ்வாறு தங்கச் சென்ற பெண்ணொருத்தியைத் தங்க இடமளித்தவனே சீரழித்தான்; நீதிமன்றம் அவனைச் சிறையிலிட்டது. ஆகவே, அந்தத் தாயின் அச்சம் மூடத்தனமன்று. கதவைத் திறப்பது அறமானால், கண்ணையும் திறந்துவைத்திருப்பது விவேகமாகும்.

நம் திருச்சபையின் பழைய வழக்கம்

இவையெல்லாம் மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணிவிட வேண்டா. தொடக்கக் காலத் திருச்சபையே இத்தகைய ஒரு வலையாகத்தான் உலகெங்கும் பரவியது. சின்னப்பர் உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் இறுதியில், கெங்கிரேயா சபையின் பெயிபா என்ற சகோதரியை நன்கு வரவேற்குமாறு பரிந்துரைக்கிறார். அதுவும் ஓர் அறிமுகக் கடிதமே. யோவானின் மூன்றாம் திருமுகத்தில் இரண்டு வீட்டுக்காரர்களைச் சந்திக்கிறோம். முன்பின் அறியாத சகோதரர்களை வரவேற்று வழியனுப்பிய காயு பாராட்டப்படுகிறார். தானும் ஏற்காமல், ஏற்க விரும்புவோரையும் தடுத்த தியோத்திரபு கண்டிக்கப்படுகிறார். இருவருமே சபையைச் சேர்ந்தவர்கள் என்பது கருதத்தக்கது.

அக்காலத்திலேயே ஏமாற்றுக்காரர்களும் இருந்தனர். ஆதலால், 'திதகே' எனப்படும் மிகப் பழைய கிறிஸ்தவ நூல் தெளிவான விதிகளை வகுத்தது. ஊர் ஊராகச் செல்லும் போதகரை ஆண்டவரைப் போல் ஏற்க வேண்டும். ஆனால் அவர் ஒருநாள், தேவையானால் இரண்டு நாள் தங்கலாம். மூன்றாம் நாளும் தங்கினால் அவர் போலி. புறப்படும்போது பணம் கேட்டாலும் போலியே. "விருந்தும் மருந்தும் மூன்று நாள்" என்ற நம் பாட்டிமாரின் பழமொழியும், செர்வாஸ் அமைப்பின் இரண்டிரவு வழக்கமும், திதகேயின் விதியும் ஏறத்தாழ ஒரே கணக்கில் வந்து சேர்வதைக் கண்டு நாம் வியந்தோம்.

குருக்களாகிய எங்களுக்கும் இத்தகைய வலை இன்றும் உண்டு. அயலூரில் பலிநிறைவேற்ற விரும்பும் குரு, தம் மேலதிகாரியிடம் பெற்ற சான்றுக் கடிதத்தைக் காட்டினால் ஏற்றுக்கொள்ள வேண்டுமென்று திருச்சபைச் சட்டம் 903ஆம் எண் கூறுகிறது. எத்தனையோ ஊர்களில், எத்தனையோ பங்கு இல்லங்களில், பெயர்கூட அறியாத குருக்கள் இட்ட சோற்றை நாம் உண்டிருக்கிறோம். அத்தகைய நாமே, "முன்பின் தெரியாதவர்களை எப்படி வீட்டில் சேர்ப்பது?" என்று அந்தத் தாயோடு சேர்ந்து தயங்கினால் நகைப்புக்கு இடமாகும்.

விருந்து என்ற சொல்

நம் தமிழில் 'விருந்து' என்ற சொல்லுக்குப் பழம்பொருள் புதுமை என்பதாகும். முன்பு அறியாத புதியவர் விருந்தினர். மைத்துனர் வந்தால் கோழியடிப்பதும் சம்பந்தி வந்தால் பாயசம் வைப்பதும் சுற்றம் பேணுதல். அது நல்லதே, ஆனால் விருந்தோம்பல் அன்று. வள்ளுவப் பெருந்தகை இல்வாழ்க்கையைப் பற்றிப் பேசுமிடத்தில் விருந்தினரையும் சுற்றத்தாரையும் வெவ்வேறாகவே எண்ணுகிறார். பின்னர் விருந்தோம்பலுக்கென ஓர் அதிகாரமே வகுத்து, அதனை அன்புடைமைக்கும் இனியவை கூறலுக்கும் நடுவே வைத்தார். உள்ளத்தின் அன்பு நாவின் இன்சொல்லாக வெளிப்படுமுன், வாயிற்கதவைக் கடந்தாக வேண்டும் போலும்!

வழிநடப்போரைப் பேணுவதில் நம் நாடு பெயர்பெற்றிருந்தது. மதுரையை ஆண்ட இராணி மங்கம்மாள் சாலைகளும் சத்திரங்களும் அமைத்ததை நாம் பள்ளியிலேயே படித்தோம். நம் வண்ணார்பேட்டைக்காரர்கள் நாள்தோறும் கடக்கும் தாமிரபரணிப் பாலமும் அத்தகைய அறமே. அக்காலத்தில் ஆற்றைக் கடக்கப் படகுக்காகக் காத்துக் கிடக்க வேண்டியிருந்தது. கலெக்டர் அலுவலகத்தில் சிரஸ்தேதாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தப் பொருளை ஈந்து எழுப்புவித்த அப்பாலம் 1843ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அவர் பெயராலேயே இன்றும் வழங்குகிறது. தமக்கு அறிமுகமே இல்லாத, இன்னும் பிறக்காத வழிப்போக்கர்களுக்கு அம்மனிதர் செய்த விருந்தோம்பல் அது எனலாம்.

அண்மைக் காலத்திலும் இப்பள்ளத்தாக்கு தன் பெயரைக் காத்தது. 2023 டிசம்பர் 17, 18 நாட்களில் பெய்த பேய்மழையில், காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவுவண்டி, தண்டவாளத்தின் அடியிலிருந்த மண்ணை வெள்ளம் அரித்துச் சென்றதால், ஸ்ரீவைகுண்டம் நிலையத்திலேயே நின்றுவிட்டது. ஏறத்தாழ 800 பயணிகள், சுற்றிலும் தண்ணீர். அருகிலிருந்த புதுக்குடி ஊர்மக்கள், தாங்களே மழையில் தத்தளித்த அந்நாட்களில், தங்களிடமிருந்த அரிசியைக் கொண்டு சமைத்து அப்பயணிகளின் பசியாற்றினர். எவரும் அறிமுகக் கடிதம் கேட்கவில்லை. எந்த ஊர், எந்தக் குலம் என்றும் கேட்கவில்லை.

இவற்றையெல்லாம் எடுத்துக் கூறி, "தக்க எச்சரிக்கையோடு ஏற்றுக்கொள்ளுங்கள், அம்மா" என்று சொல்லி அனுப்பினோம்.

பின்கட்டில் நிகழ்ந்தது

விருந்தினர் வந்தனர்; இரண்டு இரவுகள் தங்கினர்; சென்றனர். அதற்கடுத்த ஞாயிறு அந்தத் தாய் மீண்டும் நம்மிடம் வந்தார். "எப்படி இருந்தது?" என்று வினவினோம். எல்லாம் நன்றாகவே நடந்ததாகக் கூறினார். முதலில் முகம் கொடுக்காமலிருந்த கணவர், மறுநாள் காலையில் தாமே அவர்களைக் குறுக்குத்துறைக்கு அழைத்துச் சென்று ஆற்றைக் காட்டினாராம். சொதியும் இஞ்சித் துவையலும் அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டதாம். இவ்வளவும் சொல்லிவிட்டுச் சற்று நேரம் பேசாமலிருந்தார். பிறகு, "சாமி, ஒன்று நடந்தது. உங்களிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை" என்றார்.

அவ்வீட்டில் பாத்திரம் தேய்க்க ஒரு பெண்மணி பல ஆண்டுகளாக வந்துபோகிறார். அவரும் நம் இறைமக்களுள் ஒருவரே. அதே கோவிலில் அதே நற்கருணையை உட்கொள்பவரே. அவருக்கென்று ஓர் எவர்சில்வர் டம்ளர் பின்கட்டுச் சுவரின் மாடத்தில் தனியே இருக்கும். வேலை முடிந்ததும் அதில் காப்பி ஊற்றுவார்கள். அவர் பின்வாசற்படியில் அமர்ந்து குடித்துவிட்டுக் கழுவி மாடத்திலேயே வைத்துவிடுவார். இதனை எவரும் என்றும் பேசியதில்லை.

வந்த அம்மையார் இரண்டாம் நாள் காலையில் தம் காப்பியைக் கையிலேந்திப் பின்கட்டுக்குச் சென்றார். படியில் அமர்ந்திருந்த பெண்மணியைக் கண்டார். அருகிலேயே தாமும் அமர்ந்துகொண்டார். இருவருக்கும் பொதுமொழி ஏதுமில்லை. ஒருவர் பிள்ளைகளைப் பற்றி மற்றவர் விரலெண்ணிச் சைகையால் கேட்டு அறிந்துகொண்டனராம். குடித்து முடித்தபின், அந்த அம்மையார் இரண்டு டம்ளர்களையும் தாமே வாங்கிக் கழுவி, உள்ளே கொண்டுவந்து, சமையலறை அலமாரியில் மற்றவற்றோடு அடுக்கிவிட்டார்.

"எல்லாம் ஒரே கடையில் வாங்கியவை, சாமி. எது எது என்று எனக்குத் தெரியவில்லை. அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தேன். அப்போதுதான், இத்தனை வருடமாக என்ன செய்துகொண்டிருந்தேன் என்று உறைத்தது."

வாசகர்களே, நாம் அந்தத் தாய்க்கு ஆறுதல் சொல்ல முனைந்தோம், சொல் வரவில்லை. ஏனெனில் நம் மாடத்திலும் ஒரு டம்ளர் இருந்தது.

மேற்சொன்ன வெள்ள நாட்களில், நாம் அப்போது தங்கியிருந்த பங்கு இல்லத்தின் கதவை இரவில் இரு சாரார் தட்டினர். வீட்டுக்குள் தண்ணீர் புகுந்த, நமக்கு நன்கு அறிமுகமான குடும்பத்தினர் ஒருபுறம். கட்டட வேலைக்கு வந்திருந்த வடநாட்டு இளைஞர் மூவர் மறுபுறம். குடும்பத்தினருக்கு விருந்தினர் அறையைத் திறந்துவிட்டோம். இளைஞர்களுக்கு வராந்தாவைக் காட்டி, ஆளுக்கொரு போர்வையும் ரொட்டியும் கொடுத்தோம். உள்ளே இன்னும் ஓர் அறை பூட்டியே இருந்தது. "மொழி தெரியாதவர்கள், யாரோ எவரோ" என்று நமக்கு நாமே காரணம் கூறிக்கொண்டோம். விடியற்காலையில் கதவைத் திறந்தபோது அவர்கள் போய்விட்டிருந்தனர். போர்வைகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. வராந்தாவையும் துப்புரவாகப் பெருக்கியிருந்தார்கள். அன்றைய திருப்பலியில் விருந்தோம்பலைப் பற்றி நாம் மறையுரை ஆற்றவில்லை என்பதொன்றே நாம் செய்த நன்மை.

புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கில், 53ஆம் அதிகாரம் விருந்தினரைப் பற்றியது. வருவோர் யாவரையும் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்கச் சொல்லும் அப்புனிதர், ஏழைகளையும் திருப்பயணிகளையும் ஏற்பதில் தனிக் கவனம் வேண்டுமென்கிறார். அதற்கு அவர் கூறும் காரணம் கூர்மையானது: செல்வருக்கு உரிய மரியாதையை அவர்கள்மீது நமக்குள்ள அச்சமே பெற்றுத் தந்துவிடும் என்பது. இதனை நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். கடல்கடந்து வரும் வெண்ணிறத்தாருக்கு நாற்காலி தானாகவே கிடைக்கும். அடுத்த தெருவிலிருந்து வருபவருக்கு?

பழைய திண்ணைகளையும் சத்திரங்களையும் எண்ணிப் பெருமூச்செறியும்போதும் இதை மறக்கலாகாது. திண்ணைகள் எல்லாருக்குமாக இருந்ததில்லை. சத்திரங்கள் பல குலம் கேட்டே சோறிட்டன. வழிப்போக்கரின் கால் களைப்பைக் கண்ட கண்கள், அவரது பிறப்பையும் கண்டன. இன்றும் நம் மாவட்டத்தில், வாடகை வீடு தேடிச் செல்பவரிடம் சுற்றிவளைத்துக் கேட்கப்படும் முதற்கேள்வி எதுவென்பதை நாம் அறியாதவரல்லர். கோவில்களுக்குள்ளும் கல்லறைத் தோட்டங்களுக்குள்ளும் இக்கேள்வி நுழைந்ததுண்டு என்பது நம் சபையின் வெட்கம்.

விருந்து என்பது புதியவரைக் குறிக்குமானால், பல ஆண்டுகளாக நம் பின்வாசலில் அமர்ந்திருந்தும் நாம் இன்னும் அறிந்துகொள்ளாத அப்பெண்மணியே நமக்கு மிகவும் புதியவர் அல்லரோ?

அந்தத் தாயிடம் இதைத்தான் கூறினோம்: "அம்மா, எது எது என்று தெரியாததால் வந்த சமத்துவம் போதாது. தெரிந்தே செய்யுங்கள். அவரை உள்ளே அழைத்து, உங்களோடு உட்காரச் சொல்லுங்கள்." அவர் அழைத்தார். முதல்நாள் அப்பெண்மணி காப்பியை வாங்கிக்கொண்டு வழக்கம்போல் படிக்கே போய்விட்டாராம். பழகிப்போன படி ஒரே நாளில் விட்டுவிடுமா? இந்தத் தாய் தம் காப்பியையும் எடுத்துக்கொண்டு படியில் சென்று அமர்ந்தார். சில வாரங்கள் இருவருமாகப் படியிலேயே குடித்தனர். இப்போது, மழை பெய்யும் நாட்களில், சமையலறைக்குள் அமர்கிறார்களாம். எல்லாம் மாறிவிட்டது என்று எழுத நமக்குத் துணிவில்லை. தொடங்கியிருக்கிறது என்று எழுதலாம்.

கதவைத் திறப்போர் கருத்திற்கு

இத்தகைய அமைப்புகளில் சேர விரும்பும் குடும்பங்களுக்குச் சில வார்த்தைகள்.

1. வீட்டிலுள்ள அனைவரும் இசைந்த பின்பே விருந்தினரை ஏற்க வேண்டும். சிறப்பாக, அடுப்படியில் நிற்பவரின் இசைவு வேண்டும். கணவர் அழைப்பார், மனைவி வேகுவார் என்றால் அது விருந்தோம்பல் ஆகாது. மார்த்தாவின் முறையீட்டை ஆண்களும் கேட்பார்களாக.

2. வருபவரைப் பற்றி முன்னர் தங்கிய வீட்டார் எழுதியவற்றைப் படித்தறிய வேண்டும். ஐயம் எழுந்தால் பணிவாக மறுத்துவிடலாம். பெண்கள் தனியே இருக்கும் வீட்டிலும், சிறு பிள்ளைகள் உறங்கும் அறையிலும் புதியவரைத் தங்கவைத்தல் தகாது. தங்கச் செல்லும் நம் பிள்ளைகளும், முக்கியமாகப் பெண்மக்கள், செல்லும் முகவரியை வீட்டாருக்குத் தெரிவித்துச் செல்ல வேண்டும்.

3. வெளிநாட்டவரைத் தங்கவைப்போர் 24 மணி நேரத்திற்குள் அரசுக்கு அதனைத் தெரிவித்தாக வேண்டும். இது விடுதிகளுக்கு மட்டுமன்று, வீடுகளுக்கும் பொருந்தும். அந்த மகன் கடவுச்சீட்டு விவரங்களை இணையவழி முறையாகப் பதிந்திருந்ததால் சிக்கல் ஏதும் எழவில்லை.

4. நாளை முன்னரே வரையறுத்துவிடுவது இருவருக்கும் நல்லது. பணம் வாங்குவதும் கொடுப்பதும் வேண்டா.

5. நாம் விருந்தினராகச் செல்லுமிடத்தில், ஆண்டவர் தம் சீடருக்குக் கற்பித்த ஒழுங்கை நினைவிற்கொள்வோம்: வைத்ததை உண்ண வேண்டும், இதைவிட நல்ல வீடு தேடி மாறிக்கொண்டிருத்தலாகாது. உண்ட தட்டைக் கழுவிவைத்தால் குறைந்துவிட மாட்டோம்.

6. இறுதியாக, வெளிநாட்டவருக்குக் கதவைத் திறக்குமுன், நம் வீட்டு மாடத்தை ஒருமுறை பார்த்துக்கொள்வோம். அங்கே தனியாக ஏதேனும் டம்ளர் இருக்கிறதா?

மம்ரே மரத்தடியில் ஆபிரகாம் எதிர்கொண்டழைத்த மூவரும் யாரென்று அவர் முதலில் அறியார். எம்மாவூஸ் செல்லும் வழியில் சீடர் இருவரும் கூட வந்தவரை அறியாமலே தங்கச் சொல்லி வற்புறுத்தினர். அப்பம் பிட்கையிலேதான் கண் திறந்தது. அறிந்தபின் அழைப்போம் என்று காத்திருந்தால் அவர் கடந்து போயிருப்பார். நம் வராந்தாவைப் பெருக்கிவிட்டு விடியுமுன் சென்றுவிட்ட அம்மூவரை நாம் இனிக் காணப்போவதில்லை. ஆனால் இப்போது நாம் இருக்கும் இல்லத்தில் விருந்தினர் அறையின் சாவி மேசையிழுப்பில் இல்லை; கதவிலேயே தொங்குகிறது.

இறையாசீர் உங்கள் இல்லங்களில் தங்குவதாக. அடுத்த திங்களில் சந்திப்போம்.